மறதிநோய்ப் பரிசோதனை வேறு மொழிக்குப் போகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியவருக்கு வந்திருப்பது வயதின் மறதிதானா அல்லது டிமென்ஷியா எனப்படும் மறதிநோயா என்று பார்க்க மருத்துவமனைகளில் சில சிறிய கேள்வித்தாள்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் புகழ்பெற்றவை ஆங்கிலம் பேசுபவர்களுக்காக எழுதப்பட்டவை. அவை இன்னொரு மொழிக்கு வரும்போது என்னென்ன மாற வேண்டும் என்று குடும்பத்தாரும் செவிலியரும் உளவியல் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

இந்தப் பரிசோதனைகளில் என்ன கேட்கிறார்கள்?

1975இல் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹியூ ஆகிய மூவர் அமெரிக்காவில் வெளியிட்ட ‘மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்’ இவற்றில் மிகவும் பரவியது. சுருக்கமாக எம்எம்எஸ்இ என்பார்கள். மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, இது எந்த இடம், மூன்று சொற்களைச் சொல்லி நினைவு வைத்துக்கொள்ளச் செய்வது, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, காட்டும் பொருளின் பெயரைச் சொல்வது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது ஆகியவை அதில் உண்டு. 24க்குக் கீழே வந்தால் மேலும் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம்.

2005இல் கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து ஜியாத் நஸ்ரெதீனும் உடனுழைத்தவர்களும் வெளியிட்ட ‘மோகா’ இதைவிடச் சற்றுக் கடினமானது. தொடக்கநிலைக் குறைபாட்டைப் பிடிக்க அது உதவுகிறது. அதற்கும் 30 மதிப்பெண்தான். 26உம் அதற்கு மேலும் இயல்பு என்று வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள்.

இரண்டுமே நோயை உறுதிசெய்பவை அல்ல. யாரை மருத்துவர் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுவதோடு அவற்றின் வேலை முடிகிறது.

கேள்விகளை நல்ல தமிழில் மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் மூளையின் ஒரு வேலை இருக்கிறது. தழுவும்போது காப்பாற்ற வேண்டியது அந்த வேலையைத்தான். சொற்களை மட்டும் காப்பாற்றிவிட்டால் பெரும்பாலும் அந்த வேலை தொலைந்துவிடும்.

எம்எம்எஸ்இயில் ‘நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ், ஆர் பட்ஸ்’ என்ற தொடரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அதன் பொருளுக்கு அங்கே முக்கியத்துவம் இல்லை. பெயர்ச்சொல்லோ வினைச்சொல்லோ இல்லாமல், மனத்தில் படம் எதுவும் எழாத இணைப்புச் சொற்களை மட்டும் அடுக்கித் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்பதே சோதனை. அதைப் பொருள் பார்த்துத் தமிழாக்கினால் யாருக்கும் புரியாத ஒரு வரி கிடைக்கும். அதற்குப் பதிலாக ‘யாரு தைச்ச சட்டை’ போன்ற நாப்பழக்க வரியை வைத்தாலும் தவறுதான். அது நாக்கின் தேர்ச்சியைச் சோதிக்கும். பல்செட் போட்டிருப்பவர் வீணாகத் தோற்பார்.

கவனத்தைச் சோதிக்க ஆங்கிலத்தில் ‘வேர்ல்டு’ என்ற சொல்லின் ஐந்து எழுத்துகளைக் கடைசியிலிருந்து சொல்லச் சொல்வதும் உண்டு. ஸ்பெல்லிங் சொல்வது ஆங்கிலப் பள்ளிகளின் அன்றாடப் பயிற்சி. தமிழ் படித்தவர்கள் ‘உலகம்’ என்பதை அப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லி வளர்ந்தவர்கள் அல்லர். ‘ம், க, ல, உ’ என்று சொல்வது அவர்களுக்குப் புதிய விளையாட்டு. கிழமைகளை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் அதே கவனம், அதே மனக்கட்டுப்பாடு சோதிக்கப்படும். பள்ளிக்குப் போகாதவருக்கும் கிழமை தெரியும்.

‘இது எத்தனையாவது மாடி?’ என்பது இன்னொரு கேள்வி. ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைக் கேட்டால், கேட்பவரின் அறிவைத்தான் அவர் சந்தேகிப்பார்.

அடுத்தது, தாளை வலது கையில் வாங்கி, இரண்டாக மடித்து, தரையில் வைக்கச் சொல்லும் மூன்றடுக்குக் கட்டளை. எழுத்துள்ள தாள் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் தலைமுறை இது. தரையில் வைக்கத் தயங்கி, மடித்த தாளை மேசை மேலோ கேட்பவர் கையிலோ கொடுப்பார்கள். மூளை மூன்று படிகளையும் சரியாகப் பிடித்திருக்கிறது. மதிப்பெண் மட்டும் குறைகிறது. ‘மடித்து என்னிடம் கொடுங்கள்’ என்று மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

இதைச் சரியாகச் செய்து காட்டிய முன்மாதிரி உண்டா?

உண்டு. இந்தத் துறைக்குள் வரும் எவரும் முதலில் படிக்க வேண்டியது ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் நடந்த வேலை என்பேன். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வில், பென்சில்வேனியாவின் மோனோங்கஹேலா பள்ளத்தாக்கில் வாழும் முதியவர்களையும் பல்லப்கர் கிராமத்து முதியவர்களையும் ஒப்பிட வேண்டியிருந்தது. பல்லப்கரில் ஆய்வுக்குள் வந்த 55 வயதுக்கு மேற்பட்ட ஐயாயிரத்துக்கும் அதிகமானோரில் ஏறத்தாழ 73 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே எம்எம்எஸ்இயை அப்படியே இந்தியில் கேட்டிருந்தால் ஊரில் பாதிப் பேருக்கு மறதிநோய் என்று முடிவாகியிருக்கும்.

மேரி கங்குலியும் அவரது குழுவும் 1995இல் வெளியிட்ட ‘இந்தி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்’, அதாவது எச்எம்எஸ்இ, எப்படி மாறியிருக்கிறது பாருங்கள். ‘இது எந்த ஆண்டு?’ என்பது போய், ‘இப்போது காலையா, மதியமா, மாலையா?’ என்பது வந்தது. மாடியும் மாகாணமும் போய், ஊர் எந்தத் தபால் நிலையத்தைச் சேர்ந்தது, எந்த மாவட்டம் என்பவை வந்தன. நினைவில் வைக்க வேண்டிய சொற்கள் மாம்பழம், நாற்காலி, நாணயம். திருப்பிச் சொல்ல வேண்டிய தொடர் ‘ந யே, ந வோ’, அதாவது ‘இதுவும் அல்ல, அதுவும் அல்ல’. ‘கண்ணை மூடுங்கள்’ என்று எழுதிய அட்டையைக் காட்டி அதன்படி செய்யச் சொல்வது மூலத்தில் உள்ள முறை. படிக்கத் தெரியாதவருக்கு அது பொருந்தாது என்பதால், ‘என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கேட்பவர் தன் கண்களை மூடுவார். வாக்கியம் எழுதும் இடத்தில், உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்றானது. ஐங்கோணங்களுக்குப் பதிலாகச் சதுரத்துக்குள் சாய்சதுரம்.

ஒரு படத்தைப் பார்த்து வரையும் கேள்வியை அவர்கள் முழுக்க எடுத்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். எளிதாக்கினார்கள், ஆனால் இடத்தையும் வடிவத்தையும் கையாளும் திறன் என்ற அந்தக் கூறு பரிசோதனையை விட்டுப் போகவில்லை. எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற இந்தத் தெளிவுதான் தழுவலை மொழிபெயர்ப்பிலிருந்து பிரிக்கிறது.

1998இல் வெளியான முடிவுகளில் பல்லப்கரில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே அல்சைமர் நோய் 1.07 சதவீதமாக இருந்தது. உலகில் பதிவான மிகக் குறைந்த அளவுகளில் அதுவும் ஒன்று. இந்த எண்ணை நம்பலாமா என்று விவாதிக்கவாவது முடிகிறது என்றால், பரிசோதனை அந்த மக்களுக்குப் பொருந்தும்படி செய்யப்பட்டிருந்ததே காரணம்.

பள்ளிக்கே போகாதவரின் மதிப்பெண் குறைவாகத்தானே இருக்கும்?

ஆம், நோய் இல்லாவிட்டாலும் குறையும். கணக்கு எளிது. எம்எம்எஸ்இயில் வாசிப்புக்கு 1, எழுத்துக்கு 1, வரைவதற்கு 1, கழித்தலுக்கு 5. பள்ளியை நம்பியிருக்கும் இந்த எட்டும் போனால், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொன்னவருக்கும் 22தான் கிடைக்கும். 24 என்ற கோட்டுக்கு அவர் தொடக்கத்திலேயே கீழே நிற்கிறார்.

இது வெறும் காகிதக் கணக்கும் அல்ல. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைப் பரிசோதித்து 1993இல் வெளியிட்ட அளவீடுகளில், ஒன்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டு ஆண்டு படித்தவர்களுக்கு 26. நான்கு ஆண்டும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களுக்கு 22. ஒரே நாட்டுக்குள்ளேயே பள்ளிப்படிப்பு ஏழு மதிப்பெண்ணை நகர்த்துகிறது.

பென்சிலைப் பிடித்தே பழகாத கைக்கு, மோகா கேட்பதுபோல் ஒரு கனசதுரத்தை வரைவது மூளைச் சோதனை ஆகாது, கைப்பழக்கச் சோதனைதான். கடிகாரம் வரைவதும் அப்படியே. நூறு நாள் வேலையில் கூலிக் கணக்கை மனத்திலேயே போட்டு, பத்து ரூபாய் குறைந்தால் கண்டுபிடித்துவிடும் பாட்டி, ‘100இலிருந்து 7 போனால்?’ என்றால் விழிப்பார். அதே கணக்கைக் காசாக மாற்றிக் கேட்டால் சொல்லிவிடுவார்.

இதற்காகவே சில பரிசோதனைகள் உருவாயின. தாய்லாந்தில் வடிவமைத்து 2015இல் வெளியான ‘மோகா பேசிக்’ எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் மனத்தில் கொண்டது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில், பல மொழி பேசும் புலம்பெயர்ந்தோர் வாழும் பகுதியில் உருவாகி 2004இல் வந்தது ‘ரூடாஸ்’. தேநீர், சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்று ஒரு கடைச் சாமான் பட்டியலை நினைவில் வைக்கச் சொல்கிறது. போக்குவரத்து மிகுந்த சாலையை எப்படிப் பாதுகாப்பாகக் கடப்பீர்கள் என்று கேட்கிறது. ஒரு கையை முட்டியாகவும் மறு கையை விரித்தும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்கிறது. 30க்கு 22உம் அதற்குக் கீழும் வந்தால் மேலும் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரோடு நடத்துவதை எதிர்பார்த்தே அதை எழுதியிருக்கிறார்கள். முற்றிலும் பண்பாடு கடந்த பரிசோதனை என்று ஒன்று இருக்க முடியாது என்பதே என் எண்ணம் (ரூடாஸிலும் ஒரு கனசதுரம் இருக்கிறது). ஆனாலும் ஒரு மொழியில் தழுவல் எதுவும் இல்லாதபோது நான் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

நன்கு படித்தவருக்குச் சிக்கல் இல்லை, அப்படித்தானே?

அவருக்கு எதிர்ப்பக்கத்தில் சிக்கல். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எம்எம்எஸ்இயில் 28 வாங்கிவிட்டு, வீட்டில் வங்கிப் புத்தகத்தை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடிக்கொண்டிருக்கலாம். எளிதாக்கிய பரிசோதனை இவரைத் தவறவிடும். ஆகவே ஒரு மொழிக்கு ஒரே ஒரு வடிவம் போதும் என்று நினைப்பதும் பிழை.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் எவை?

முதலாவது, எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம். தாளில் ‘தாங்கள் தற்போது எவ்விடத்தில் இருக்கிறீர்கள்?’ என்று இருக்கும். அதை அப்படியே வாசித்தால் முதியவர் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைபோல் இறுகிவிடுவார். கேட்பவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேச்சுக்கு மாற்றினால் பரிசோதனை ஆளுக்கொன்றாகிவிடும். எனவே பேச்சு வடிவத்தையே எழுதி அச்சிட வேண்டும். தமிழில் பேச்சுநடையில் அச்சிடுவதைத் தரக்குறைவாக நினைக்கும் குழுக்கள் இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு வாதாடத்தான் வேண்டும்.

அடுத்து வட்டாரம். நினைவுச் சொல்லாக ‘நாற்காலி’யை வைத்தால் யாழ்ப்பாணத்தவர் சிறிது நேரம் கழித்து ‘கதிரை’ என்று சொல்லக்கூடும். பொருள் நினைவிருக்கிறது, சொல் மாறியிருக்கிறது. மதிப்பெண் உண்டா இல்லையா என்று கையேடு முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும். ‘பேனா’வுக்கும் ‘பேனை’க்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் தழுவியதை இலங்கைத் தமிழரிடமோ சிங்கப்பூர்த் தமிழரிடமோ சோதித்துப் பார்க்காமல் கொண்டுபோகக் கூடாது.

எழுத்தை வைத்துச் சொல் தேடும் கேள்வி பெரிய தலைவலி. ஆங்கில மோகாவில் ‘எஃப்’ என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொல்ல வேண்டும். தமிழில் எந்த எழுத்து? ‘க’ என்று சொன்னால் ‘காகம்’, ‘கிளி’, ‘குடை’ கணக்கில் சேருமா? ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; தமிழில் 247. க மட்டும் என்றால் கேள்வி கடினமாகிவிடும். க வரிசை முழுவதும் என்றால் எளிதாகிவிடும். ‘இ’யைத் தேர்ந்தால் இன்னொரு குழப்பம்: பேச்சில் இலை ‘எலை’ ஆகிறது, இடம் ‘எடம்’ ஆகிறது. படிக்காதவர் காதால் கேட்டதைத்தான் சொல்வார். எழுத்து என்ற அலகே அவர் மனத்தில் இல்லாமலும் இருக்கலாம். அவருக்கு ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர்களையோ காய்கறிகளின் பெயர்களையோ சொல்லச் சொல்வதே நியாயம். ஆனால் அது வேறு வகைத் தேடல் என்பதால் இரண்டின் மதிப்பெண்ணையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது.

எண்களும் சும்மா விடுவதில்லை. ஒரு வரிசை எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில், எண்ணுப் பெயரை உச்சரிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவுக்கு நினைவில் நிற்கும் எண்கள் குறையும். வெல்ஷ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட அதிக நேரம் ஆவதால் இரு மொழியும் தெரிந்த அதே ஆட்கள் வெல்ஷில் குறைவாக நினைவு வைத்தார்கள் என்று 1980இலேயே எல்லிஸ், ஹென்னெலி இருவரும் காட்டினார்கள். தமிழில் ஒன்று முதல் ஒன்பது வரை ஓரசையில் முடியும் பெயரே இல்லை. ஆங்கில அளவீட்டை எடுத்துவந்து தமிழருக்கு நினைவு குறைவு என்று எழுதுவது அநியாயம். இதோடு, போன் நம்பரை ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிய முதியவர்களும் இருக்கிறார்கள். எந்த மொழியில் எண்களைச் சொல்வது என்பதை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மோகாவின் ஐந்து நினைவுச் சொற்கள் முகம், வெல்வெட், தேவாலயம், டெய்சி, சிவப்பு. சொல் மறந்தால் ‘ஒரு துணி வகை’, ‘ஒரு பூ’ என்று துப்பு கொடுப்பார்கள். டெய்சியைத் தமிழ் முதியவர் பார்த்திருக்க மாட்டார். அங்கே ஒரு பூ வேண்டும். மல்லிகையை வைத்தால் என்ன ஆகும்? ‘ஒரு பூ’ என்றதும் எவருக்கும் முதலில் வாயில் வருவதே மல்லிகைதான். நினைவில்லாதவரும் ஊகித்துச் சொல்லிவிடுவார். தெரிந்த பூவாகவும் இருக்க வேண்டும், முதலில் வரும் பூவாகவும் இருக்கக் கூடாது. இப்படி ஒரு பூவுக்காக ஒரு குழு அரை நாள் பேசலாம்; பேச வேண்டும்.

தேதி கேட்டால் பாட்டி ‘ஆடி பதினெட்டு’ என்கிறார். சரியா?

அன்று ஆடி பதினெட்டுதான் என்றால் சரி. காலத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிகிறது. முஸ்லிம் முதியவர் பிறைக் கணக்கில் சொன்னாலும் அப்படியே. கேட்பவரின் மேசையில் மூன்று கணக்கும் உள்ள நாட்காட்டி ஒன்று இருக்க வேண்டும். பருவத்தைக் கேட்கும்போதும் வெயில் காலம், மழைக்காலம், பனிக்காலம் என்ற பதில்களை ஏற்க வேண்டும்; வசந்தமும் இலையுதிரும் எதிர்பார்ப்பது தவறு.

முதியவர்கள் சில கேள்விகளுக்குப் பதிலே சொல்வதில்லை. மறதி என்று குறிக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். கணவர் பெயரைச் சொல்லும்படி கேட்டால் வாய் திறக்காத அம்மாக்கள் இன்றும் உண்டு. அந்தப் பெயர் அவர்களுக்கு மறந்துபோகவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டால், தன்னைக் கேலி செய்வதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்பவர் உண்டு. மருமகள் எதிரில் தவறு செய்ய விரும்பாமல் ‘தெரியாது’ என்று முடித்துக்கொள்பவரும் உண்டு. ‘சில கேள்விகள் மிக எளிதாக இருக்கும், சில கடினமாக இருக்கும், எல்லாரிடமும் இதையேதான் கேட்கிறோம்’ என்று தொடக்கத்தில் மரியாதையாகச் சொல்லும் இரண்டு வரிகளும் தழுவலின் பகுதியே. அவற்றையும் கையேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

வெளிநாட்டில் அப்பாவைப் பரிசோதிக்கிறார்கள். நானே மொழிபெயர்க்கலாமா?

வேண்டாம். பிள்ளைகள் தெரிந்தே தவறு செய்வதில்லை, அன்பினால் செய்கிறார்கள். அப்பா தடுமாறினால் கேள்வியை எளிதாக்குவார்கள், ‘காலையில்கூடப் பேசினோமே’ என்று எடுத்துக்கொடுப்பார்கள், குழறிய பதிலை ஒழுங்காக்கி ஆங்கிலத்தில் சொல்வார்கள். மருத்துவர் காதில் விழுவது ஒழுங்கான பதில். நோயின் தடயம் அந்தக் குழறலில் இருந்தது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மருத்துவமனை வழியாக அது கிடைக்கும். அவர் எந்த ஊர்த் தமிழ் பேசுபவர் என்பதையும் விசாரியுங்கள். பதில் தவறாக இருந்தால் தவறாகவே சொல்ல வேண்டும், துப்பு தரக் கூடாது என்பதை மருத்துவர் அவரிடம் முன்கூட்டிப் பேச வேண்டும்.

உங்களுக்கு அங்கே வேறு முக்கியமான வேலை இருக்கிறது. அதை அடுத்த கேள்விகளில் பார்க்கலாம்.

இரண்டு மூன்று மொழி தெரிந்தவரை எந்த மொழியில் பரிசோதிப்பது?

அவர் அன்றாடம் சிந்திக்கும், சண்டை போடும், சாமி கும்பிடும் மொழியில். முப்பது ஆண்டு ஆங்கிலத்தில் அலுவலகம் நடத்தியவர் என்பதால் ஆங்கிலத்தில் பரிசோதித்தால் போதும் என்று நினைக்க முடியாது. மறதிநோயில் பிற்பாடு கற்ற மொழி முன்னதாகத் தளர்வதைப் பலரிடம் காணலாம். ஆனால் ஆங்கிலத்திலேயே படித்தவருக்குக் கணக்கும் மாதப் பெயர்களும் ஆங்கிலத்தில்தான் வரும். மொழி கலந்து பதில் சொன்னால் ஏற்றுக்கொண்டு, எந்த மொழியில் சொன்னார் என்று பக்கத்தில் குறிப்பதே சரியான வழி. பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் தமிழ் முதியவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதிநோயுள்ள 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு தெரிந்தது. பல மொழி பேசுவது மூளைக்குச் சுமை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மதிப்பெண் 30க்கு 21 என்று தாளில் எழுதியிருக்கிறது. நோய் உறுதியா?

இல்லை. எந்தப் பரிசோதனை, எந்த மொழி வடிவம், கட்-ஆஃப் எனப்படும் பிரிக்கும் மதிப்பெண் யாரை வைத்து முடிவானது, அவர் எத்தனை வகுப்பு படித்தார் என்ற நான்கும் தெரியாமல் 21 என்ற எண்ணுக்குப் பொருள் இல்லை. காது கேட்காதது, கண்புரை, மனச்சோர்வு, தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, தூக்க மாத்திரை, சிறுநீர்த் தொற்றால் வரும் திடீர்க் குழப்பம் எல்லாமே இந்த எண்ணைக் கீழே இழுக்கும். அவற்றில் பல சிகிச்சையால் சீராகக்கூடியவை.

இலங்கையில் சிங்கள மொழிக்கு எம்எம்எஸ்இயைத் தழுவி 2002இல் வெளியிட்டபோது, அங்குள்ள முதியவர்களுக்குப் பொருத்தமான கட்-ஆஃப் 17 என்று கண்டார்கள். அமெரிக்காவின் 24ஐ அங்கே வைத்திருந்தால் எத்தனை பேர் வீணாக அஞ்சியிருப்பார்கள்! கட்-ஆஃப் என்பது அந்த மண்ணில் நோயுள்ளவரையும் இல்லாதவரையும் மருத்துவர்கள் தனியே முழுமையாகப் பரிசோதித்து, இரு தரப்பு மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டெடுக்க வேண்டியது. கடன் வாங்கி வைப்பதற்கில்லை.

குடும்பத்தாரிடமும் ஏன் கேட்கிறார்கள்?

பரிசோதனை இன்றைய நிலையைக் காட்டுகிறது. மறதிநோய் என்பதோ முன்பு இருந்ததிலிருந்து சரிவது. முன்பு எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆஸ்திரேலியாவில் அந்தோனி ஜோர்ம் உருவாக்கிய ‘ஐக்யூகோட்’ கேள்வித்தாள், பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டு இன்று எப்படி என்று உறவினரிடம் கேட்கிறது. அவர் படித்தவரா, எந்த மொழி என்பவை இங்கே அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. கனடாவின் கிரீ பழங்குடியினரிடம் தொடங்கி, நைஜீரியாவின் யொரூபா மக்களிடமும் பயன்பட்ட ‘சிஎஸ்ஐ-டி’ முதியவரிடம் ஒரு பகுதி, உடனிருப்பவரிடம் ஒரு பகுதி என்று கேட்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. வேலூர் சிஎம்சி குழுவினர் 2009இல் வெளியிட்ட வேலூர் கருவிகளும் இதே இரு பக்க முறையில் அமைந்தவை.

ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. வளரும் நாடுகளில் மறதிநோய் ஆய்வு நடத்த 1998இல் தொடங்கிய ‘10/66’ என்ற குழுவின் இந்திய மையங்கள் சென்னையும் வேலூர் கிராமப்புறமும். 2008இல் லான்செட் இதழில் வந்த அதன் முடிவு அதிர வைத்தது. அமெரிக்க மனநல வரையறையான டிஎஸ்எம்-4இன்படி இந்தியக் கிராமப்புறத்தில் 65 வயதைக் கடந்தோரிடம் மறதிநோய் வெறும் 0.3 சதவீதம். 10/66 குழு தானே உருவாக்கிய முறையில் பார்த்தபோது, ஆய்வு நடந்த நாடுகளில் மிகக் குறைந்த இடத்திலேயே அது 5.6 சதவீதம். அதே மக்கள், அதே ஆண்டு. அளவுகோல் மட்டும் வேறு.

ஏன்? டிஎஸ்எம் வரையறைக்கு அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். நம் கிராமத்தில் எழுபது வயதுப் பெரியவரிடம் வங்கிக்குப் போ, பில் கட்டு என்று யாரும் சொல்வதில்லை. சோறு முன்னால் வருகிறது, பேரன் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறான். ‘தாத்தாவுக்கு ஏதாவது சிரமமா?’ என்றால் ‘வயசாச்சு, மற்றபடி ஒன்றுமில்லை’ என்பார்கள். அந்த அன்பே நோயை மறைத்துவிடுகிறது. ஆகவே கேள்வியைப் பொதுவாகக் கேட்காமல் நடப்பைக் கேட்க வேண்டும்: சாப்பிட்டதை மறந்து மீண்டும் கேட்கிறாரா? வழக்கமாகப் போகும் கடையிலிருந்து வழி தவறினாரா? கொடுத்த கடனையும் வாங்கிய கடனையும் குழப்புகிறாரா? கல்யாண வீட்டில் நெருங்கிய உறவினரை யார் என்று கேட்டாரா? மருத்துவரிடம் போகும்போது இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை எழுதிக்கொண்டு போவதுதான் முன்பு நான் சொன்ன உங்கள் முக்கியமான வேலை.

எங்கள் மருத்துவமனைக்கு ஒரு பரிசோதனையைத் தழுவ விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

உரிமையிலிருந்து. எம்எம்எஸ்இயின் பதிப்புரிமையை 2001 முதல் ஓர் அமெரிக்க நிறுவனம் கையாள்கிறது. அனுமதியும் கட்டணமும் இல்லாமல் மொழிபெயர்த்து அச்சிட முடியாது. மோகாவைப் பயன்படுத்தப் பயிற்சியும் சான்றிதழும் கேட்கிறார்கள்.

பிறகு ஏற்கனவே இருப்பதைத் தேடுங்கள். தமிழில் மோகா வடிவங்கள் இருக்கின்றன. அண்டை மொழிகளிலும் நல்ல பாடங்கள் உண்டு: திருவனந்தபுரத்தில் மதுரநாத்தும் குழுவினரும் ‘ஏசிஇ’ என்ற 100 மதிப்பெண் பரிசோதனையை மலையாளத்துக்குத் தழுவி 2004இல் வெளியிட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நரம்பியல் அறிதிறன் கருவித்தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லாதது எனக்கு வருத்தமே.

தழுவும்போது இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும்; ஒருவராவது மருத்துவத் துறைக்கு வெளியே இருப்பவராக, முதியவர்களோடு பேசிப் பழகியவராக இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிய பின், மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பட்டும். இந்தத் திருப்பு முறை நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதையே முழுதாக நம்பிவிடாதீர்கள். சொல்லுக்குச் சொல் செய்த மோசமான மொழிபெயர்ப்பு திரும்ப ஆங்கிலமாகும்போது மூலத்தோடு அச்சுப் பிசகாமல் பொருந்தும். பிழை வெளியே வருவது முதியவர்கள் முன்னால்தான். படித்தவர், படிக்காதவர், ஆண், பெண், ஊரகம், நகரம் என்று பலரிடம் கேட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ‘நான் என்ன கேட்டதாக நினைத்தீர்கள்?’ என்று விசாரியுங்கள். நலமாக இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு கேள்வியில் தவறினால் அந்தக் கேள்வி நோயைச் சோதிக்கவில்லை என்று பொருள், மாற்றுங்கள். கடைசியாக, மதிப்பெண்ணைப் பார்க்காத மருத்துவரின் முடிவோடு ஒப்பிட்டு, படிப்பு அளவுக்குத் தனித்தனியே கட்-ஆஃப் கண்டுபிடியுங்கள். பலர் இந்தக் கடைசிப் படிக்கு முன்பே பணமும் பொறுமையும் தீர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்திய தாள் எத்தனை அழகாக அச்சாகியிருந்தாலும் நோயாளியிடம் கொண்டுபோகத் தகுதியற்றது.

இவ்வளவு உழைப்பு தேவையா?

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக ‘லாசி-டாட்’ என்ற தேசிய ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அந்த ஆய்வு கேள்விகளைப் பல இந்திய மொழிகளில் கேட்டது. பல்லப்கரில் பிறந்த எச்எம்எஸ்இயும் அதில் இருந்தது. ஒரு கிராமத்தில் நாற்காலியா நாணயமா என்று உட்கார்ந்து யோசித்த வேலை, கால் நூற்றாண்டு கழித்து ஒரு நாட்டின் கணக்கைப் போடப் பயன்பட்டிருக்கிறது.

பரிசோதனைக்கு முன் அம்மாவைத் தயார் செய்யலாமா?

கேள்விகளை இணையத்தில் தேடிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நோய் மறைந்துபோகும், உதவியும் தள்ளிப்போகும். நன்றாகத் தூங்க வைத்து, சாப்பிட வைத்து, கண்ணாடியும் காதுக் கருவியும் மாட்டி அழைத்துப் போங்கள். உட்கொள்ளும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எத்தனை வகுப்பு, எந்த மொழியில் படித்தார், இப்போது வீட்டில் எந்த மொழி பேசுகிறார் என்று முதலிலேயே சொல்லித் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கழித்து மறுபடி பார்க்கும்போது அதே மொழியில், அதே வடிவத்தில் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். அடிக்கடி கேட்டால் சொற்கள் பழகிவிடும் என்பதால் மாற்றுச் சொற்பட்டியல் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். மொத்த மதிப்பெண்ணோடு திரும்பிவிடாமல், எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்று தெரியும் முழுத் தாளின் நகலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.